வெர்னா நடந்து வரவேண்டிய பாதை

ஜனவரிக் கடைசியில் என் மனைவி வெர்னா எங்கள் வீட்டுக் கார்ப்பாதையில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அன்று காலையில்தான், "வழுக்காம இருக்க மணல் போட்டியா?" என்று கேட்டிருந்தாள். காபி குடித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். மூன்றாவது காபியின்போது அலறல் கேட்டது.

அதற்கப்புறம் பத்து வாரம், யாருமே நடக்காத பாதையில் தினமும் மணலும் பொடிக்கல்லும் கொட்டினேன். எனக்குப் புத்தி எப்போதும் சம்பவத்துக்கு மறுநாள்தான் வரும். ஏப்ரலில் பனிக்கட்டி உருகியதும் கராஜிலிருந்து தெரு வரை ஒரு வறண்ட ஆறு கிடந்தது. அதில் அழுகிய இலைகள், ஊறிப்போன செய்தித்தாள்கள், ஒற்றைக் கையுறை, அக்டோபரிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த இலைவாரி.

வியாழக்கிழமை மத்தியானம், இடுப்பு தேறும்வரை தங்கியிருந்த மறுவாழ்வு மையத்திலிருந்து வெர்னா கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல எட்டரைக்கு வேன்ல அனுப்பறாங்க. கதவு வரைக்கும் நானேதான் நடந்து வருவேன்."

"சரி."

"வாக்கர் சக்கரத்துல பட்டாணி அளவு கல்லு மாட்டினாலும் குப்புற விழுவேன், லார்ன். இன்னொரு தடவை விழுந்தா வீட்டை மறந்துட வேண்டியதுதானாம். பயமா இருக்கு."

நாற்பத்தோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. உடனே துடைப்பத்தை எடுத்தேன்.

பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் வேலியில் சாய்ந்து நின்றான். "சஸ்காட்செவான் மாகாணத்து மணல் மொத்தமும் இங்கதான் இருக்கா? ஊர்ல ரோடு போட மணல் கிடைக்காம தேடிட்டிருக்காங்க."

"பார்த்தது போதும், மண்வெட்டியோட வா."

வந்தான். பதினான்கு வாளி அள்ளினோம். கடைசியில் தூசிதான் மிச்சம். நான் தண்ணீர்க்குழாயை இழுத்து வந்தேன்.

"தண்ணி வேண்டாம்ப்பா. விடிகாலைல உறைஞ்சிடும்."

"ஏப்ரல் பாதி போயாச்சு, ஓரெஸ்ட். வசந்தம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

காலை ஆறரைக்கு, நான் கழுவிவிட்ட பாதை பளபளத்தது. முகம் பார்க்கலாம்போல இருந்தது. ஓரடி வைத்தேன், தபால்பெட்டி வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

பைஜாமாவும் பூட்ஸுமாக ஓரெஸ்ட் ஓடிவந்தான். என் எலும்புகள் சரியாக இருக்கின்றன என்று தெரிந்தபின்தான் சிரித்தான்.

"இந்தப் பக்கம் பத்து மணி வரைக்கும் வெயில் வராது. மறுபடி மணல்தான்."

"அதுல கல்லு இருக்கே."

"அப்ப சலி."

வெர்னாவின் நூடுல்ஸ் வடிகட்டியை எடுத்து வந்தேன். இரண்டு கிழவர்களுமாக மண்டியிட்டு வாளி வாளியாகச் சலித்து, கல்லை ஒதுக்கி, மாவு தூவுவதுபோல மணலைத் தூவிக்கொண்டே கதவிலிருந்து தெரு வரை பின்வாங்கினோம். வேன் வந்துவிட்டது.

வெர்னா எட்டிப் பார்த்தாள். "பத்து வாரம் இருந்துச்சு. பெருக்கக்கூடவா கை வரல?"

ஓரெஸ்ட் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

அவள் இறங்கினாள். சக்கரம் மணலில் நறநறவென்று உருண்டது. பாதி வழியில் நின்றாள். நான் கை நீட்டினேன்.

"தள்ளி நில்லு. மூச்சு வாங்கறேன், அவ்வளவுதான்."

பிறகு ஒவ்வோர் அடியாக வைத்து, படியேறி, கதவைத் தானே தள்ளித் திறந்தாள். சக்கரத்து மணல் வாசலிலிருந்து அடுப்படி வரை இரண்டு கோடு போட்டிருக்கிறது. பெருக்க மனம் வரவில்லை. சோம்பேறித்தனம் என்கிறாள் வெர்னா.