பதுவையில் இறங்கிய தாடி

மாமாங்கத்தின் தாடிக்குப் பஸ்ஸில் தனி ஆசனமே எடுத்திருக்கலாம். அவன் குனிந்தால் அது மடியில் விழும். தலைமயிரோ முதுகுவரை. டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை என்று இரண்டைப் போட்டால்தான் அவனைக் கத்தி பிடிக்கவே விடுவார்கள். கூட வேலை செய்யும் டேனிஷ்காரர்கள் அவனைக் கறுப்புக் கிறிஸ்மஸ் தாத்தா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஏனப்பா இந்தக் கோலம் என்று யாராவது கேட்டால் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ட பொஞ்சாதிக்காக" என்பான்.

அந்தப் பொஞ்சாதி, புஸ்பராணி, ஜன்னலோரம் உட்கார்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தனக்காக ஒரு மனிதன் ஆறு வருடம் முடி வளர்த்தான் என்பதில் அவளுக்கு இருந்த பெருமையை அந்த மலைகளுக்கு அப்பால்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். வெளியே காட்டிக்கொள்ளாமல், "பேன் புடிக்கும், பாத்துக்கங்க" என்று அடிக்கடி சொல்லிவைப்பாள்.

கதை இதுதான். மட்டக்களப்பில் கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு மாமாங்கம் உயிர் தப்பி டென்மார்க்குக்கு ஓடினான். மனைவியைக் கூப்பிட மனுப் போட்டான். எண்பத்தேழாம் ஆண்டு அது. தமிழ் அகதிகளின் குடும்பங்களைப் பற்றிய மனுக்களையெல்லாம் கிடப்பில் போடும்படி மேலிடத்தில் முடிவாகியிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தான். அங்கே புஸ்பராணி குண்டுச் சத்தத்துக்குள் காத்திருந்தாள்.

அப்போதுதான் அகதி முகாமில் இருந்த மேரிசெலின், "தொலஞ்சதத் தேடித் தாறவர் அந்தோனியார். அவர்ட கல்லறை இத்தாலியில, பதுவையில இரிக்கி. பஸ்ஸிலயே போகலாம்" என்று சொன்னாள். மாமாங்கம் சைவசமயக்காரன். ஆனால் மட்டக்களப்பில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாத சைவக்காரர் எத்தனை பேர்? கையெடுத்துக் கும்பிட்டு அவன் நேர்ந்தான்: அவள் வந்து சேர வேண்டும், இப்படிக் காக்க வைத்தது பிழை என்று இந்த நாடு தன் வாயால் சொல்ல வேண்டும், இரண்டும் நடந்தால் இரண்டு பேருமாகப் பதுவைக்கு வந்து முடி இறக்குவேன்.

முதலாவது தொண்ணூறாம் ஆண்டு நடந்தது. விமான நிலையத்தில் தாடிக்காரன் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்தபோது புஸ்பராணி பயந்து கத்திவிட்டாள். இரண்டாவதுக்கு மேலும் மூன்று வருடம் சென்றது. தொண்ணூற்று மூன்றில், தைப்பொங்கலன்று, அந்தத் தமிழ் மனுக்களைக் கிடப்பில் போட்டது பிழை என்று விசாரணை அறிக்கை வந்து, டென்மார்க் அரசாங்கமே கவிழ்ந்தது. பொங்கல் பானையை அடுப்பில் விட்டுவிட்டு எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார்கள். ஊரில் ஒரு கிராம சேவகரைக்கூட அசைக்க முடியாத சனங்கள், இங்கே ஒரு மந்திரிசபையை அசைத்துவிட்டார்கள். மாமாங்கம் தாடியைத் தடவிக்கொண்டு அழுதான்.

ஆனால் இடையில் புஸ்பராணிக்கு வயிற்றில் பிள்ளை இரண்டுமுறை தங்காமல் போயிருந்தது. நேர்த்தி கிடப்பில் கிடப்பதால்தான் இப்படி ஆகிறது என்று அவள் மனதில் ஆழமாக ஒரு பயம் விழுந்துவிட்டது. அதனால் அந்த வருடமே, ஆனி மாதம் அந்தோனியாரின் பெருநாளன்று, மேரிசெலின் ஒழுங்கு செய்த யாத்திரை பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள்.

பதுவை கோயிலைக் கண்டதும் பஸ்ஸே வாயடைத்துப் போனது. எழுநூறு வருடத்துச் செங்கல் சுவர். அதன்மேல் கும்மட்டம் கும்மட்டமாக, ஒல்லிக் கோபுரம் கோபுரமாக, எங்கே பார்ப்பது என்று தெரியாத கட்டடம். முற்றம் முழுக்க வெள்ளை லில்லிப் பூவும் சனமும். "எங்கட கொடியேத்தத்துக்குக் கொறைவில்ல" என்றாள் புஸ்பராணி. அவள் வாயிலிருந்து ஒரு வேற்றூர்க் கோயிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வராது.

மாமாங்கம் கோயிலைச் சுற்றி ஒரு வலம் போனான். பிறகு இன்னொரு வலம் போனான். முகம் வாடித் திரும்பி வந்தான்.

"மேரிசெலின், மொட்டை போடுற மண்டபம் எந்தப் பக்கம்?"

"என்ன மண்டபம்?"

"முடி எறக்குற எடம். நாவிதர்மார் வரிசையா இரிப்பாங்களே."

மேரிசெலின் தலையில் கைவைத்தாள். "அண்ண, இத்தாலியில ஆரு மொட்டை போடுறாங்க? நான் எப்ப அப்பிடிச் சொன்னன்?"

"சொல்லணுமா? இவ்வளவு பெரிய கோயில். நேர்த்திக்கு வாற சனம் எங்க போகும்?"

அவன் கத்திரிக்கோல்கூடக் கொண்டு வரவில்லை. கோயிலென்றால் அது இருக்கும், அவ்வளவுதான். ஒரு கடைக்காரனிடம் போய் விரல்களைக் கத்திரி மாதிரி ஆட்டிக் காட்டினான். அவன் சிரித்துக்கொண்டு ஒரு சீப்பை எடுத்து நீட்டினான். அடுத்த தெருவில் சலூன் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பெருநாள், இழுத்துப் பூட்டியிருந்தது. பின்னேரம் பஸ் புறப்பட்டுவிடும். புஸ்பராணி பஸ் நின்ற பக்கத்தைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து, அந்தோனியாரின் வாசலில் நின்றுகொண்டு, கடனைத் தீர்க்காமல் திரும்புவதா?

அப்போதுதான் பஸ்ஸில் கூட வந்த இராசரத்தினம் வாயைத் திறந்தார். யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். டென்மார்க்கில் அரசாங்க உதவியில் இருந்தாலும் தபாலதிபர் உத்தியோகத்தை மனதளவில் விடவில்லை.

"என்ன தம்பி தெருத்தெருவா அலையிறாய்? எங்கட பஸ்ஸுக்குள்ளையே ஆள் இருக்கெல்லே? என்ன நவரத்தினம்? பரம்பரைக் கை. உனக்கு உது ஒரு வேலையே?"

எல்லாருடைய கண்ணும் நவரத்தினத்தின் பக்கம் போனது. ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் நோயாளர்களைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை அவனுக்கு. முகாமில் மாமாங்கத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். முதலில் டேனிஷ் பிடித்தவனும் அவன்தான். மாமாங்கத்தோடு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி, "இவன்ர மனிசி எங்கை?" என்று கேட்டுக் கேட்டு நின்றவன். அவனுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு முடி வெட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் அவனுக்குப் பக்கத்துக் கதிரை கடைசியாகத்தான் நிரம்பும்.

நவரத்தினம் காற்சட்டைப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டான். அந்தக் கைகளை அவன் ஒளித்த விதத்தைப் புஸ்பராணி கண்டாள். தனக்காகக் கதவு கதவாகத் தட்டிய கைகள் அல்லவா அவை? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் மாமாங்கம், பாவம், வேறு வழி தெரியாமல், "மச்சான்..." என்று ஆரம்பித்தான்.

"நிப்பாட்டுங்க" என்றாள் புஸ்பராணி. "இது ஆருக்காக வளத்த முடி?"

"ஒனக்காக."

"அப்ப நான்தான் எடுப்பன்."

இராசரத்தினம் பதறிப்போனார். "பிள்ளை, புருசன்ர தலையில பொம்பிளை கத்தி வைக்கிறதோ? அபசகுனம்! அதுவும் உந்தத் தொழிலை..."

"கத்தி எங்க ஐயா இரிக்கி? ஒங்கட சவர ராசர்தான் இரிக்கி. பஸ் நிண்ட எடமெல்லாம் அது ஒங்கட கன்னத்தில ஓடினத நான் கண்டன். குடுங்க."

முழு பஸ்ஸும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கோயில் வாசல் வேறு. தபாலதிபர் பையைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சவர ராசரையும் புது பிளேட் அலகுகளையும் எடுத்துக் கொடுத்தார். மேரிசெலின் கைப்பையிலிருந்து கத்திரிக்கோலும் சவர்க்காரமும் வந்தன.

சுவரோர நிழலில் மாமாங்கத்தை உட்கார்த்தினாள். முதல் பிடி தாடி கத்திரிக்கோலில் விழுந்ததும் கறுத்த அங்கி போட்ட ஒரு துறவி வேகமாக வந்தார். துரத்தப் போகிறார் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். நவரத்தினம் முன்னால் போய், தெரிந்த பாஷைகளையெல்லாம் கலந்து, கும்பிட்டும் காட்டினான். துறவி தன் உச்சந்தலையில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கதிரையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன.

புஸ்பராணிக்குச் சவரம் வராது. அதை மறைக்கவும் முடியவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு வெட்டு, உச்சியில் இரண்டு. மாமாங்கம் கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆறு வருட முடி ஸ்கீவ சுப்பர்மார்க்கெட் பைக்குள் போய்ச் சேர்ந்தது. தாடிக்குள்ளிருந்து, பந்தலில் தனக்குத் தாலி கட்டிய அந்த ஒல்லி முகம் வெளியே வந்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த முகத்தைத்தான் அவள் வெடிச் சத்தத்துக்குள் நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

"எழும்புங்க" என்றாள். "கடன் தீந்திட்டு."

மாமாங்கம் எழுந்தான். யாரும் எதிர்பாராமல் நவரத்தினம் வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கும் எடுங்கோ."

"ஒங்களுக்கென்ன நேர்த்தி, தம்பி?"

"நீங்கள் வரவேணும் எண்டு நானும்தான் நேர்ந்தனான். வெளியில சொல்லேல்லை." பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "எங்கட அப்பு ஊரில எல்லாற்ரை முடியும் எடுத்தவர். அவருக்கு எடுத்துவிட ஒருத்தரும் முன்வரேல்லை. கண்ணாடித் துண்டொண்டைப் பிடிச்சுக்கொண்டு தனக்குத் தானே எடுப்பார். இண்டைக்கு அவற்ரை பிள்ளை கதிரையில இருக்கிறன். நீங்கள் எடுங்கோ."

புஸ்பராணி ராசரைக் கழுவினாள். புது அலகு மாற்றினாள். தண்ணீரைக் கையில் அள்ளி அவன் தலையில் ஊற்றி, சவர்க்காரம் தேய்த்து, கோயில் காரியம் செய்கிற பொறுமையோடு ஆரம்பித்தாள். மாமாங்கம் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றான். சற்று முன் "மச்சான்" என்று தான் கேட்க வந்தது அவனை உறுத்தியிருக்க வேண்டும்; நவரத்தினத்தின் கழுத்தில் வழிந்த நுரையைத் தன் சால்வையாலேயே துடைத்துவிட்டான். இந்த முறை ஒரு வெட்டுக்கூட விழவில்லை. கை பழகிவிட்டது என்று புஸ்பராணி நினைத்தாள். தன் வாழ்நாளில் செய்த எந்த வேலைக்கும் அவள் அப்படிப் பெருமைப்பட்டதில்லை.

உள்ளே கல்லறை வரிசையில் நின்றபோது மாமாங்கம் அவள் கையை இழுத்தான். சுவரில் பழைய ஓவியங்கள். அவற்றில் இருந்த துறவிகள் எல்லாருக்கும் உச்சந்தலை வட்டமாக மழித்திருந்தது.

"பாத்தியா? நான் சொன்னன்தானே! இஞ்ச மொட்டை போட்டிரிக்கிறாங்க. நாமதான் கொஞ்சம் பிந்தி வந்திட்டம்."

கல்லறையின் பின்பக்கத்துக் கல்லில் ஆளாளுக்கு உள்ளங்கையை வைத்து நின்றார்கள். கோடிக் கை பட்டு வழுவழுத்துப் போன கல். புஸ்பராணி சவர்க்காரம் மணக்கும் தன் கையை வைத்தாள். ஒரு பக்கம் மாமாங்கத்தின் கை. மறுபக்கம், பைக்குள்ளிருந்து வெளியே வந்த நவரத்தினத்தின் கை. பிள்ளை வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அதைக் கேட்டாள். ஆனால் கெஞ்சிக் கேட்கவில்லை; கடன் தீர்த்தவளாக நிமிர்ந்து நின்று கேட்டாள்.

பஸ் புறப்படும்போது அவள் ராசரைக் கழுவித் துடைத்து இராசரத்தினத்திடம் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு நவரத்தினத்தின் பளபளக்கும் தலையைப் பார்த்தார். "நீயே வச்சிரு பிள்ளை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அதைத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

ஜெர்மனியைத் தாண்டி டேனிஷ் எல்லையில் தேநீருக்கு இறங்கினார்கள். இராசரத்தினத்தின் கன்னமெல்லாம் நரை முள். புஸ்பராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக மேரிசெலினிடம் சொன்னாள்:

"ஐயா தாடி வளக்கத் தொடங்கிட்டார் போல. என்ன நேர்த்தியோ தெரியல்ல. எறக்கிற நாளைக்கு என்னட்டச் சொல்லச் சொல்லுங்க. ராசர் என்னட்டத்தான் இரிக்கி."

எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நவரத்தினம்.