வாசனை நல்லாத்தான் இருந்தது

அடுத்தவர் சோற்றில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கேண்டீன், விடுதி என்று எங்கெல்லாம் மொத்தமாகச் சமைக்கிறார்களோ, அங்கெல்லாம் போய் உணவைக் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று சமையல்காரர்களுக்கு வகுப்பெடுப்பேன். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று மூச்சுக்கு மூச்சு சொல்வதால், என் முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு மணி மேடம்' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

என் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. முந்தின நாள் சமைத்த காய்கறிச் சோற்றை ராத்திரி முழுக்கச் சாப்பாட்டு மேசைமேல் விட்டுவைத்து, டப்பாவில் எடுத்துப்போவேன். "எப்ப சமைச்சது, சொல்லுங்க?" என்று நீட்டுவேன். மோந்து பார்த்துவிட்டு எல்லாரும் "இன்னைக்குத்தான்" என்பார்கள். "பாத்தீங்களா? மூக்கை நம்பாதீங்க. திரும்பக் கொதிக்க வச்சாலும் இதுல சேர்ந்த விஷம் போகாது" என்று ஒரு போடு போடுவேன். டப்பாமேல் எழுதி ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கெட்ட சோற்றுக்கு அடையாளம், ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு. பரம ரகசியம். வீட்டில் சமைத்து, டப்பா கட்டி, என் பையில் வைக்கும் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. என் சாமர்த்தியம் அப்படி.

அன்றைக்கு ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வகுப்பு. வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பேசப்போவதை மனதுக்குள் ஓட்டியபடி, ரப்பர் பேண்டு இல்லாத என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எதிரே காய் நறுக்கும் அக்கா வந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணுக்கு இப்பத்தான் காய்ச்சல் விட்டிருக்கு மேடம். கேண்டீன் சோறுன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. பின்னாடிதான் வீடு, படுத்திருக்கா."

வள்ளல்தனம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பாதியை அள்ளிக் கொடுத்தேன். "வீட்டுச் சாப்பாடு. தைரியமா குடுங்க" என்று ஒரு சான்றிதழும் சேர்த்தேன். மீதியை வழித்துச் சாப்பிட்டேன். வாசனை நல்லாத்தான் இருந்தது.

வகுப்பில் சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி, டப்பாவை நீட்டினேன்.

"இன்னைக்குத்தான் மேடம்!" என்றார்கள் ஒரே குரலில்.

புன்னகையோடு டப்பாவுக்குள் பார்த்தேன். பச்சைப் பட்டாணி. நேற்றைய சோற்றில் பட்டாணியே கிடையாது. காலையில் நான் செருப்பு மாட்டும்போது கணவர் என்னவோ சொன்னார். "இன்னைக்குப் பட்டாணி போட்டிருக்கேன். மூடி லூசா இருந்துச்சு, இன்னொரு டப்பாவுல இருந்த ரப்பர் பேண்டை எடுத்து மாட்டிட்டேன்." நான் 'ம்' கொட்டினேன். அவர் பேச்சைக் காதில் வாங்காமல் 'ம்' கொட்டுவது கல்யாணமான நாளிலிருந்து என் பழக்கம்.

அப்படியானால் நான் தின்றது? அந்தக் குழந்தைக்குக் கொடுத்தது?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது, 'ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாது.' இப்படிச் சொன்ன எத்தனையோ சமையல்காரர்களை நான் வறுத்தெடுத்திருக்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நைசாக நழுவலாமா என்றுகூட யோசித்தேன். முதல் வரிசையில் காய் நறுக்கும் அக்கா என்னையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தச் சோறு எங்க?"

"சூடு பண்ணித் தட்டுல மூடி வச்சிருக்கேன் மேடம். எழுந்ததும் சாப்பிடுன்னு சொல்லியிருக்கேன்."

"அதுதான் கெட்ட சோறு. டப்பா மாறிடுச்சு. தப்பு என்னோடது!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அக்கா என்னை முந்திக்கொண்டு ஓடினார். வகுப்பு மொத்தமும் பின்னால் வந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த சிறுமி, முதல் கரண்டியை வாய்க்கருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். அவள் வீல் என்று அழுதாள். அவள் வாயில் ஒரு பருக்கைகூடப் போகவில்லை என்று தெரிந்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அக்கா மகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் பயபக்தி எதுவும் மிச்சமில்லை.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த தலைமைச் சமையல்காரர், பட்டாணிச் சோற்று டப்பாவை மறக்காமல் எடுத்து வந்திருந்தார். வாங்கிச் சிறுமியிடம் நீட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோந்து பார்த்தாள்.

"மோந்து பாத்தா தெரியாதும்மா."

"அப்ப அது கெட்டதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியலையே. பாதியை நான்தான் சாப்பிட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "முதல்ல நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க."

நியாயம்தானே? வாசலை அடைத்துக்கொண்டு நின்ற சமையல்காரர்கள் எல்லாரும் பார்க்க, ஒரு வாய் எடுத்துப் போட்டேன். அதற்காகவே காத்திருந்ததுபோல வயிறு புரட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன்.

உள்ளே குனிந்து நிற்கும்போது வெளியே அவள் குரல் கேட்டது.

"அம்மா, எனக்குக் கேண்டீன் சோறே போதும்மா."