விழுதுக் கண்

ஆஸ்பத்திரிக்கு எதிரே, எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி ஒரு பழைய மெட்டடோர் வேன் நின்றது. அதன் பக்கவாட்டுத் தகரத்தை வெட்டி மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். அதுதான் கூரை. அதன் கீழே டிராகன் படமும் ‘சைனீஸ் நூடுல்ஸ்’ என்ற சிவப்பு எழுத்தும்.

"அதுல ஒரு தட்டு வாங்கு கனகா" என்றார் அப்புசாமி.

"ஏனுங்க, தண்ணிக்கு மேல எதுவும் இறங்காதுன்னு டாக்டர் இப்பத்தானே சொன்னாரு?"

டாக்டர் படத்தையும் காட்டித்தான் சொன்னார். வெள்ளைத் திரவம் ஒன்றைக் குடிக்கவைத்து எடுத்த படம் அது. திரவம் தொண்டையில் அகலமாக இறங்கி, நெஞ்சுக்கு நடுவே எலிவால்போல ஒடுங்கியிருந்தது. உணவுக் குழாயை ஒரு கட்டி நெருக்குகிறது, அதை எடுக்க வழியில்லை. வயிற்றில் துளைபோட்டு ரப்பர் குழாய் வைத்தால் கூழ் ஊற்றலாம். சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டும்.

"ஓட்டை போட்டு ஊத்துறதுக்கு நானென்ன டீசல் இஞ்சினுங்களா?" என்று கேட்டுவிட்டு அப்புசாமி எழுந்து வந்துவிட்டார்.

பல்லடத்தில் அவருக்குச் சொந்தமாக விசைத்தறிகள் உண்டு. தறியில் நீளவாக்கில் ஏறும் பாவு நூல் ஒவ்வொன்றும் விழுது என்ற கம்பியின் நடுவிலுள்ள சின்னக் கண்ணுக்குள் புகுந்துதான் போகும். அரிசி நுழையாத அந்தக் கண்ணில் நூல் நாள் முழுக்க ஓடும். அவர் கணக்கு அங்கிருந்துதான் பிறந்தது.

"சோறு பருக்கை பருக்கையாப் போயி அடைச்சுக்குது. இது நூலாட்டம் நீளமா, எண்ணெயில வழுவழுன்னு கெடக்குது. ஒருக்கா தலைப்பு நுழைஞ்சுபோட்டா மிச்சம் தானா வந்துரும். ஒரு தட்டு காலியானா நேரா பல்லடம் பஸ். ஆகலைன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்."

கனகத்துக்கு அந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கண்டுபிடிக்க மனசும் இல்லை.

வேனுக்குள் நஞ்சுண்டன் சட்டியைப் புகையவிட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சமையலின் சூட்சுமமே அந்தச் சூடுதான். முட்டைக்கோஸ் விடும் தண்ணீர் விழுந்த நொடியே ஆவியாகிவிட வேண்டும். சூடு குறைந்தால் தண்ணீர் தேங்கி எல்லாம் வெந்து கூழாகும்.

"சீனாக்காரன் எங்கப்பா?" என்றார் அப்புசாமி.

"நாந்தானுங்கண்ணா. சீனாவுல எங்கூருக்குச் சத்தியமங்கலம்னு பேருங்க."

அப்புசாமி சிரித்தார். மூன்று மாதமாக அவர் சிரித்துக் கனகம் பார்க்கவில்லை.

"எண்ணெய் கொஞ்சம் தாராளமா உடு கண்ணு."

தட்டு வந்தது. முதல் வாயை அவர் வெகுநேரம் வைத்திருந்தார். புளிப்பு, கரிந்த வாசனை, மிளகுக் காரம். நாக்குக்கு ஒரு நோயுமில்லை. பிறகு ஓர் இழையின் நுனியைத் தொண்டைக்கு அனுப்பி, கழுத்தை நீட்டி விழுங்கினார். இறங்கியது போலிருந்தது. கனகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இரண்டாம் வாயும் போனது. மூன்றாவதை முழுங்கும்போது கை நெஞ்சுக்குப் போயிற்று.

சோறு தன் எடையால் வயிற்றில் விழுவதில்லை. தொண்டைக் குழாய் வளையம் வளையமாகப் பின்னாலிருந்து இறுகி அதை முன்னே தள்ளுகிறது. தள்ளத் தள்ள, அந்த நூல்கள் ஒடுங்கின வாயில் நுழையாமல் மடங்கி மடங்கிச் சிக்குப் பந்தாகிக் கிடந்தன.

கண்ணில் நீர் வழிய, சாக்கடையோரம் குனிந்தார். கனகம் முதுகைத் தாங்கிக்கொண்டாள். எல்லாம் வந்தது, கடைசியில் கொஞ்சம் ரத்தமும். பூத்தில் நின்றவர்கள் திரும்பி நின்றுகொண்டார்கள்.

நஞ்சுண்டன் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தான். "காரம் ஜாஸ்தியாயிருச்சுங்களாக்கா?"

"இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்குது" என்ற கனகம், அவன் பார்க்கும்படி மிச்சத்தைத் தின்னத் தொடங்கினாள்.

அப்புசாமி வேனின் டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். மூச்சு நிதானப்பட வெகுநேரமாயிற்று.

"நூலு தானா நுழையாது கனகா. நாந்தான் மறந்துட்டேன்" என்றார். "விழுதுல நூல் கோக்கறப்ப இந்தப் பக்கம் நான் இழையை எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பக்கம் நீ கொக்கியைக் கண்ணுல உட்டு இழுப்ப. இழுத்தாத்தான் நூலு வரும். தள்ளுனா மடங்கிக்கும்."

அவள் மென்றுகொண்டே தலையாட்டினாள். எத்தனையோ பாவுக்கு அப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உள்ள அந்தப் பக்கம் இழுக்க ஆளில்லை."

அவள் கடைசி இழையையும் எடுத்துத் தின்றாள். அவர் தட்டை எட்டிப் பார்த்தார்.

"தட்டு காலியாயிருச்சு. பல்லடம் போலாமா?"

கனகம் காகிதத் தட்டை நாலாக மடித்தாள். புடவைத் தலைப்பால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள்.

"எந்திரிங்க" என்றாள்.

பஸ் ஸ்டாப் இந்தப் பக்கமே இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ரோட்டைக் கடந்தார்.