முட்டை நாற்றம்

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று சவரிராயனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் நம்பவும் ஆளில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவன் டிரைவர். வண்டி அமெரிக்காவில் ஏதோ ஒரு தேவாலயத்துப் பங்குக்காரர்கள் ஓட்டி அலுத்துத் தானமாகக் கொடுத்தது. கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கியது. படகு மாதிரி நீளம், ஸ்டியரிங் இடது பக்கம். ஆஸ்பத்திரித் தலைவி சிஸ்டர் ராஜமேரி இரண்டு வருஷமாகியும் டிரைவர் பக்கத்துக் கதவையே திறந்துவிட்டு, பிறகு சுற்றிக்கொண்டு வருவார்.

புதன்கிழமைதோறும் மொரப்பூர் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து சவரி முட்டை ஏற்றி வருவான். மலையடிவாரத்தில் வற்றிப்போய்க் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று அவித்துக் கொடுப்பார்கள். அந்த வண்டியில்தான் இப்போது மூன்று மாதமாக அழுகின முட்டை நாற்றம். மேடு ஏறினால் வரும், வண்டியை நிறுத்தினால் வரும், சில நாள் வராமலும் இருக்கும். பின்கண்ணாடி முழுசாக மூடாத வண்டி. உள்ளே வந்த நாற்றம் சீட்டில் ஏறிவிட்டால் போகாது.

சிஸ்டர் முதலில் ஜாடையாகக் கேட்டார். அப்புறம் சீட்டைத் தூக்கச் சொன்னார். மிதியடியை உதறச் சொன்னார். சமையல்காரி பாஞ்சாலியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். அவள் தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்து, "கோழி ஏதாச்சும் உள்ளாறயே அடை படுத்திருக்குதா அண்ணா?" என்றாள். வராந்தாவில் மருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சவரிக்கும் சிரிப்பு வந்தது. சிஸ்டர் சிரிக்காததைப் பார்த்து நின்றுபோனது.

ஆபீசுக்குள் கூப்பிட்டுச் சொன்னார்:

"சவரி, வூட்டுக்கு நாலு முட்டை வேணும்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம். ஒளிச்சு வச்சு, மறந்து, அது அழுகி... இதெல்லாம் எதுக்கு?"

"நான் எடுக்கலீங்க சிஸ்டர்."

"அப்ப நாத்தம்?"

சவரி ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தான்.

"வர்ற புதன்கிழமைக்குள்ள நாத்தம் போகணும். இல்லேன்னா சாவிய மேசை மேல வச்சிடு. வாட்ச்மேன் பச்சியப்பன் ஓட்டட்டும்."

வேலை போவது ஒரு பக்கம். பிள்ளைகள் வாயிலிருந்து முட்டையை எடுத்தவன் என்ற பேரோடு போவதைத்தான் சவரியால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே சீட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். சாம்பிராணி போட்டான். மறுநாள் மேட்டில் சாம்பிராணியும் முட்டையும் சேர்ந்து மணத்தன. அதோடு வண்டி இன்னொரு கூத்தும் செய்தது: எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை. மாட்டுவண்டிக்காரன் ஒருவன் தாண்டிப் போனான்.

வெள்ளிக்கிழமை தர்மபுரிக்கு, காஜா பாய் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அம்பாசடரும் லாரியும் பார்த்த கை காஜாவுடையது. இந்த வண்டியின் பானட்டைத் திறந்ததும் தலையைச் சொறிந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பெட்ரோலை உள்ளங்கையில் விட்டு மோந்தார்.

"மண்ணெண்ணெய் கலக்கறியா டிரைவரே?"

"பாய், நீங்களுமா?"

"கேட்டு வைக்கணும்ல."

எல்லாம் மாட்டிப் பார்த்தும் இழுவை வரவில்லை. காஜா பின்னால் போய், புகை வரும் குழாய்க்கு நேரே கையைக் காட்டினார். சவரியை மிதிக்கச் சொன்னார். சவரி மிதித்தான். காய்ச்சல்காரன் விடும் மூச்சு மாதிரி, வந்தும் வராமல் வந்தது புகை. காஜா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். அங்கிருந்தே சவரியைக் கூப்பிட்டார்.

"இந்த வண்டிக்கு எத்தினி சைலன்சர்?"

"ஒண்ணுதானுங்களே."

"ரெண்டு இருக்குது. முன்னாடி இருக்கறதப் பாரு. அடுப்புல வச்ச தோசைக்கல்லு கணக்கா செவந்து கெடக்குது."

ஆறவிட்டு அந்தப் பெட்டியைச் சுத்தியலால் தட்டினார். உள்ளே கல் உருளும் சத்தம். பெட்டிக்கு முன்னால் இருந்த இணைப்பைத் தளர்த்தி மறுபடி மிதிக்கச் சொன்னார். வண்டி போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரன் வெளியே வந்துவிட்டான். அந்தச் சத்தத்தில் பழைய பலம் இருந்தது.

நட்டுகள் துருவேறி அசையவில்லை. ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுத்தார்கள். பெட்டியை உளியால் பிளந்தால் உள்ளே தேனடை. மெழுகில்லை, கல்லாலான தேனடை. அதில் பாதி உருகிக் கட்டிதட்டிப்போயிருந்தது. மீதிக் கண்களிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோன சவரி சட்டென்று கையை எடுத்தான். மூன்று மாதமாக அவனைத் துரத்திய நாற்றம் லேசாக அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குங்க பாய்?"

காஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பம்பாய்ல ஒரு மெக்கானிக் சொல்லியிருக்கான். புகையச் சுத்தம் பண்றதுக்காம்."

"சுத்தம் பண்றதா இப்பிடி நாறுது?"

"என்னைக் கேட்டா?"

அதே மாதிரி வாங்கிப் போட இந்த ஊரில் வழியில்லை. காஜா லாரிக் குழாய் ஒரு முழம் வெட்டி, பெட்டி இருந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். நாற்றம் நின்றது, வண்டி கொஞ்சம் உறுமியது. கல்லை ஒரு சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டு, கெடு முடியும் புதன்கிழமை காலையில் சவரி திரும்பினான்.

சிஸ்டரிடம் கல்லைக் காட்டி நடந்ததைச் சொன்னான். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பெட்ரோல் ஊற்றும் வாயை மூடியிருந்த சின்னக் கதவைத் திறந்து, அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டு வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

"ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டும்தான் ஊத்தணும்னு போட்டிருக்குதே."

பாஞ்சாலிக்குப் புரியவில்லை. பாத்திரத்துக்குத்தானே ஈயம் பூசுவார்கள், பெட்ரோலில் எதற்கு என்றாள். சிஸ்டர் கல்லில் இருந்த சாம்பலைக் காட்டி, "நம்ம பங்க் பெட்ரோல்ல ஈயம் கலக்கறாங்க, அதுதான் இதுல அடைச்சிருக்கும்போல" என்றார்.

சவரிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வண்டி வந்த புதிதில் பெட்ரோல் பங்க் குழாய் இந்த வாயில் நுழையவில்லை. வாய் சின்னதாக, உள்ளே ஒரு தகடோடு இருந்தது. வெள்ளைக்காரன் அளவு தெரியாமல் செய்துவிட்டான் என்று கேலி பேசி, சவரிதான் தகட்டைக் கம்பியால் குத்தி உடைத்தான்; உருண்டை அரத்தால் ராவி வாயைப் பெரிதாக்கினான். பங்கில் எல்லோரும் தோளில் தட்டினார்கள். ஈயப் பெட்ரோல் குழாய் நுழையக் கூடாதென்றுதான் வண்டி செய்தவர்கள் வாயைச் சின்னதாக வைத்திருந்தார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. சொன்னான்.

சிஸ்டர் அந்த ஓட்டையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"இத நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே சவரி. ஏன் சொன்ன?"

"நாத்தத்துக்கு நாந்தான் காரணம்னு சொன்னீங்க. அது நெசம்தானுங்க. முட்டைதான் எடுக்கல."

"அந்தப் பெட்ரோல் இங்க எங்க கெடைக்கும்?"

"பங்க்ல கேட்டா சிரிக்கறாங்க."

"அப்ப வேற என்னத்த ஊத்தியிருப்ப?"

ஆனாலும் சொன்ன கெடு ஞாபகம் வந்து சவரி சட்டைப் பையைத் துழாவினான். சாவியை எடுத்து நீட்டினான். அவர் அதை வாங்காமல் கதவைத் திறந்தார், வழக்கம்போல டிரைவர் பக்கத்துக் கதவை. பிறகு சுற்றிப் போய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்து, காலி முட்டைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடு வண்டிய. இன்னிக்குப் புதன்கிழமை."

பாஞ்சாலி பின்கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி மோந்துவிட்டு, "கோழி எறங்கிருச்சுங்க சிஸ்டர்" என்றாள். இந்தத் தடவை சிஸ்டர்தான் முதலில் சிரித்தார்.