லைட் பார்க்க எடுத்த படம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு அட்டை உறையாகத்தான் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2007-ல், இணையம் வழியாக வியாபாரம் செய்யும் மதுரைக்காரர்களைப் பற்றி ஒரு ஞாயிறு இணைப்புக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மகால் பக்கத்துச் சந்தொன்றில் சேக் இஸ்மாயில் நடத்திவந்த கல்யாண ஸ்டூடியோவுக்கும் போனேன். படம் எடுப்பது அவர். படங்களை இணையத்தில் ஏற்றுவது, வெளியூர்ச் சொந்தங்கள் கேட்கும் பிரதிகளை போட்டோ லேபில் போட்டு வாங்கித் தபாலில் அனுப்புவது எல்லாம் அவர் மனைவி சாதிகா. தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு ஒரு சின்ன அட்டை வைத்துவிடுவார்கள். அதில் தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். பை வாங்கிய எவரும் படங்களைப் பார்க்கலாம், பிடித்ததை ஆர்டர் செய்யலாம். சாதிகாவின் யோசனை அது.

கட்டுரைக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. அச்சிலும் வந்தது. கடை அலமாரியின் மேல்தட்டில், முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டி, அனுப்பப்படாமல் கிடந்த ஓர் உறை மட்டும் அதில் வரவில்லை.

2

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

'மணமகள் நாற்காலியில் மீனலோசனி உட்கார்ந்தபோது மண்டபமெங்கும் மல்லிகை…'

வேண்டாம். மதுரையைப் பற்றி எழுதினால் எங்கிருந்தாவது மல்லிகை வந்துவிடுகிறது. அன்று மேடையில் இருந்தவை ஜெர்பரா பூக்கள். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தவை.

செய்தியாகவே சொல்கிறேன். அந்த வைகாசியில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் கல்யாணம். மணமகள் இந்துப்ரியா. அவளுடைய அக்கா மீனலோசனி, முப்பத்தாறு வயது, திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை, கல்யாணமாகாதவர். இருவருக்கும் அண்ணன் ஜனகராஜ், ஜவுளிக்கடைக்காரர். அப்பா இல்லாத வீட்டில் எல்லாம் அவர் சொல்தான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருமுன், விளக்குகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க, கையில் அகப்படும் இருவரை அந்த நாற்காலிகளில் உட்கார வைத்து இரண்டு மூன்று படம் எடுப்பது இஸ்மாயிலின் வழக்கம். அப்புறம் அழித்துவிடுவார். அன்று சந்தனத் தட்டோடு அந்தப் பக்கம் போன மீனலோசனியைக் கூப்பிட்டார். மேடைக்குப் பின்னால் பூக்களைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்த பேரையூர்க்காரர் பால்பாண்டியையும் கூப்பிட்டார்.

"ஒரு நிமிசம் உக்காருங்க, லைட்டு பாத்துக்கிறேன்."

உட்காரும்போது பால்பாண்டி சொன்னார்:

"பாத்து உக்காருங்க. போன முகூர்த்தத்துல ஒரு மாப்ளயக் கீழ தள்ளி விட்ட சேரு இது."

மீனலோசனி சிரித்தார். இஸ்மாயில் அழுத்தினார்.

(பால்பாண்டியின் பேச்சில் ஒரு வார்த்தையை நான் எடுத்துவிட்டேன். எதை என்று பிறகு சொல்கிறேன்.)

3

தவறு சாதிகாவுடையது. அந்த வாரம் மூன்று கல்யாணங்கள். இஸ்மாயில் அழிக்க மறந்திருந்தார். சாதிகா பார்க்காமல் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றிவிட்டார். எனவே இந்துப்ரியா கல்யாணத்தின் முதல் பக்கத்தில், முதல் படமாக, பூ அலங்காரத்தின் நடுவே மணமக்கள் நாற்காலியில் அமர்ந்து சிரித்தவர்கள் மீனலோசனியும் பால்பாண்டியும்.

நான்காம் நாள் ஜனகராஜ் போன் செய்தார்.

"பாய், நெட்டுல என்ன போட்டு வச்சிருக்கீக? அமெரிக்காவுல இருந்து எங்க சித்தப்பா மகன் கேக்குறான், மீனாவுக்கும் அன்னைக்கே முடிச்சிட்டீகளா, எங்களுக்கு ஏன் சொல்லலன்னு. யாருய்யா அவன், பக்கத்துல?"

"பூ டெக்கரேசன்காரருண்ணே. லைட்டு பாக்க…"

"தங்கச்சிக்கு முன்னாடி முடிச்சு, மூத்தவ நிக்கிறான்னு ஊரே பேசுது. இதுல இது வேறயா? தூக்குங்க அத."

அன்றே மண்டப மேனேஜரிடம், இனி அந்தப் பூக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்றும் ஜனகராஜ் சொல்லிவிட்டார்.*

இஸ்மாயில் படத்தைத் தளத்திலிருந்து எடுத்தார். "பிரிண்டும் எங்க கடையிலருந்து போகாதுண்ணே, நான் பொறுப்பு" என்று வாக்கும் கொடுத்தார். அடுத்த இரு மாதத்தில் அவர் கையிலிருந்த கல்யாணங்களில் பாதி, ஜனகராஜின் தெருவிலிருந்து வந்தவை.

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில், லேபிலிருந்து வந்த கட்டுக்குள் அந்தப் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. முந்தின நாளே ஒருவர் ஆர்டர் கொடுத்திருந்தார்.

* பால்பாண்டியை நான் சந்தித்ததில்லை. இந்தக் கதையில் அதிகம் இழந்தவர் அவராக இருக்கலாம். அவருக்கென்று ஒரு பத்தி எழுதினேன். எல்லாம் என் ஊகமாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

4

ஆர்டர் கொடுத்தவர் மீனலோசனி. எண்ணூற்றுச் சொச்சம் படங்களில் அந்த ஒன்று மட்டும். அனுப்ப வேண்டிய முகவரி வீடு அல்ல, திருமங்கலத்துப் பள்ளி. குறிப்புக் கட்டத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தார்: முழுப் படம் வேண்டும், வெட்ட வேண்டாம்.

"எட்டுக்குப் பன்னெண்டு இஞ்சு கேட்டிருந்தாக சார்" என்றார் சாதிகா. "எட்டுக்குப் பத்துன்னா ரெண்டு ஓரமும் போயிரும். விசாரிச்சுட்டுத்தான் போட்டிருக்காக."

இஸ்மாயில் ஒரு வழி சொன்னாராம். "அந்தாள வெட்டிட்டு அவுகள மட்டும் குடுத்துரு. யாருக்கும் வம்பு இல்ல."

சாதிகா பள்ளிக்குப் போன் செய்து அதைக் கேட்டார். பதிலை என்னிடம் இரண்டு முறை சொன்னார், ஒரு வார்த்தைகூட மாறாமல்:

"எல்லாப் போட்டாலயும் நான் தட்டோட நிக்கிறேங்க. பாதிப் படத்துல கைதான் தெரியுது. இதுல மட்டுந்தான் உக்காந்திருக்கேன். அவரு சொன்னதுக்குத்தான் சிரிச்சேன். அவர வெட்டிட்டா, சும்மா சிரிக்கிறவ மாதிரி ஆகிறாதா?"

அப்புறம் கேட்டாராம்: "அண்ணன் எதுவும் சொன்னாகளா?"

சாதிகாவால் பொய் சொல்ல முடியவில்லை. மறுமுனையில் பள்ளி மணி அடித்தது. "சரிங்க. உங்களுக்குச் சங்கடம்னா வேணாம்" என்று மீனலோசனி வைத்துவிட்டார்.

'போனை வைத்தபின் அவர் மனதில்…'

இல்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பள்ளியில் இல்லை.

5

இப்போது அந்த வார்த்தை. பால்பாண்டி சொன்னது இது:

"பாத்து உக்காருங்கக்கா."

'அக்கா'வை நான் எடுத்துவிட்டேன். அது இருந்தால் கதை நின்றுவிடும் என்று பயம். அதில்லாமல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், பேரையூரில் ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து பால்பாண்டியும் அதே படத்தை ஆர்டர் செய்கிறார். இன்னொன்றில், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். மழை வேறு பெய்தது. மதுரையில் கதைக்கு வேண்டியபோதுதான் மழை பெய்கிறது.

பிறகுதான் உறைத்தது. ஜனகராஜ் அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டிய கதையைத்தான் நானும் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தில் கட்டினார், நான் ஆசையில். ஒரு பெண் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தாள் என்பது எங்கள் இருவருக்குமே போதவில்லை.

(அடித்த பக்கங்கள் இருக்கின்றன. நல்ல வர்ணனைதான். யாருக்காவது வேறு கதைக்கு வேண்டுமானால் தருகிறேன்.)

6

ஸ்டூடியோவுக்குப் போனதற்கு மறுநாள் இன்னொரு பேட்டிக்காகத் திருமங்கலம் போக இருந்தேன். விடைபெறும்போது பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். சாதிகா எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, உறையை எடுத்துத் தூசி தட்டினார்.

"சார், நீங்க போற வழிதான?"

நான் இஸ்மாயிலைப் பார்த்தேன். அவர் திரும்பி உட்கார்ந்து, ஏற்கனவே துடைத்துவிட்ட லென்ஸை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சார் கிட்ட…"

"நான் கடைய விட்டு எதையும் அனுப்பல" என்றார் சுவரைப் பார்த்து. "சார் பையில என்னென்ன இருக்குன்னு நானா பாக்க முடியும்?"

7

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இது முடிவல்ல.

மறுநாள் பிற்பகல் பள்ளி விட்டபின் கேட் பக்கம் நின்றேன். தோளில் பையும் கையில் விடைத்தாள் கட்டுமாக மீனலோசனி வந்தார். படத்தில் பார்த்த முகம் இல்லை. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் அடையாளம் சிரமம். வாட்ச்மேன்தான் காட்டினார்.

"ஸ்டூடியோவிலருந்தா? வேணாம்னு சொல்லிட்டேனே."

"ஸ்டூடியோவிலருந்து இல்லம்மா. நான் அந்த வழியா வந்தவன்."

உறையை வாங்கினார். ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். வெட்டாத அளவுதானா என்று பார்த்திருக்கலாம். (ஊகம்.)

"நீங்க பிரிச்சுப் பாத்தீகளா?"

"இல்ல." அது உண்மை. கடையின் கம்ப்யூட்டரில் பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

விடைத்தாள்களுக்கு நடுவே உறையைச் செருகிக்கொண்டார். நான் நகரவில்லை. அவர் பிரிப்பார், அந்தச் சிரிப்பு இன்னொரு முறை வரும், அதோடு கதையை முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவரும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது: நான் போவதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அதை எங்கே வைத்தார், வீட்டுக்குக் கொண்டுபோனாரா, அண்ணன் கண்ணில் பட்டதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கும்தான். பெயர்களையும் பள்ளி இருக்கும் ஊரையும் அதனால்தான் மாற்றியிருக்கிறேன், போய்க் கேட்டுவிடுவீர்கள். நானே கேட்டுவிடுவேன்.

நான் ரோட்டைக் கடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் இன்னும் கேட் பக்கம் நிற்கிறீர்கள். அவர் கையில் உறை இருக்கிறது, பிரிக்கவில்லை. வாருங்கள், நீங்களும் போவதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார்.