மஞ்சள் தடவிய ஃபிலிம்

டாக்டர் சேஷகிரி தம் மூத்த மகள் ருக்குவின் மார்பை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். யாரும் கேட்கவில்லை. ஜாதகம் பொருந்தியாகிவிட்டது, பெண் பார்த்தாகிவிட்டது, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. பெண் பார்க்க வந்த அன்று, மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு மாப்பிள்ளைப் பையன் தேசிகன் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ருக்கு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தங்கள் வீட்டில் அவள் எந்த வேலையைச் செய்தாலும் வாய்க்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் டாக்டர் தம் விஞ்ஞானத்தைக் கொண்டுபோய் நுழைத்தார்.

“யாரு கேட்டா உங்களை?” என்றாள் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி.

“கேட்டாத்தானா? ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். என் பொண்ணுக்கு மட்டும் எடுக்கலைன்னா நாலு பேர் என்ன சொல்லுவா?”

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில் டாக்டருக்கு எப்போதும் கவலை உண்டு. அந்த நாலு பேரில் தம் மகளும் ஒருத்தி என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சிக்பேட்டையில் அவருக்குச் சொந்தமாக எக்ஸ்ரே கிளினிக் இருந்தது. அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். சீமையிலிருந்து வரவேண்டிய ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருந்தும் கூட்டத்துக்குக் குறைவில்லை. க்ஷயரோகம் என்ற பெயரைச் சொன்னாலே வாசல் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர். அந்தப் பயத்தை நல்ல வழியில் திருப்புவதாக நினைத்து, சில வருஷங்களுக்கு முன் டாக்டர் ஒரு சங்கத்தில் பிரசங்கம் செய்தார். கல்யாணத்துக்குக் கிரகங்களைப் பார்ப்பதை விட்டு நுரையீரலைப் பாருங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நம் ஜனங்கள் கெட்டிக்காரர்கள், எதையும் விடவில்லை. கிரகங்களையும் பார்த்தார்கள், நுரையீரலையும் பார்த்தார்கள். ராகுகாலத்தில் எடுத்த படம் கூடாது என்று நேரம் பார்த்து கிளினிக்குக்கு வந்தார்கள். ஃபிலிம் வைத்த பழுப்பு உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து வாங்கினார்கள். அதுவும் பெண்ணின் படத்தைத்தான் கேட்டார்கள். பிள்ளைக்கு நுரையீரல் என்று ஒன்று இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

“மஞ்ச உறைக்குள்ள எறங்கி ஃபிலிம்ல ஒட்டிக்குது சார். எத்தினி வாட்டி சொன்னாலும் கேக்க மாட்றாங்க,” என்று புலம்புவார் பெர்னார்ட். பிரேசர் டவுன்காரர். இருட்டறையில் ஃபிலிம் கழுவுவது அவர் வேலை.

மஞ்சள் கறையைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று இருந்தது. பாதிப் படங்களில் நுரையீரலில் எங்கேயாவது ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். சிறு வயதில் எப்போதோ கிருமி உள்ளே நுழைந்து, உடம்பே அதை அடித்து அமுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி மூடிவிட்ட இடம் அது. அந்தக் காலத்துப் பட்டணவாசத்தில் அது இல்லாத மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பார்க்கப்போனால் உடம்பு ஜெயித்த அடையாளம். டாக்டருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் எழுதியது வேறு.

“ஒரு புள்ளி காணப்படுகிறது. ஆறிய வடுவாக இருக்கலாம். நோய் இல்லை என்று உறுதியாகக் கூற இயலாது.”

எத்தனையோ பெண்களின் படத்துக்கு இதே வாக்கியம்தான். அதற்குக் காரணமும் உண்டு. வெகு காலம் முன்பு ஒரு பெண்ணுக்கு நோய் இல்லை என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். கல்யாணமான மறுவருஷமே அவள் இருமி இருமிச் செத்துப்போனாள். மாப்பிள்ளையின் தகப்பனார் கிளினிக் வாசலில் நின்று நடுத்தெருவில் கத்தினார். அன்றைக்கு டாக்டர் பட்ட அவமானத்தில் பிறந்தது அந்த வாக்கியம். அதை எழுதியபின் யாரும் அவர் வாசலில் வந்து கத்தவில்லை. கத்த வேண்டியவர்கள் வேறு ஏதோ வீட்டுக்குள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். அது சிக்பேட்டை வரைக்கும் கேட்கவில்லை.

ருக்குவின் ஃபிலிம் காய்ந்து வந்தபோது, வலது பக்கத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. டாக்டருக்கு வியர்க்கக்கூட இல்லை. இதென்ன, எல்லாருக்கும் இருப்பதுதானே! சொந்தப் பெண்ணின் படத்துக்குத் தாமே ரிப்போர்ட் எழுதுவது முறையல்ல என்று, நேர்மையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வெறும் படத்தை மட்டும் அனுப்பினார். அனந்தலக்ஷ்மி முணுமுணுத்தபடியே உறைக்கு மஞ்சள் தடவினாள்.

மாப்பிள்ளை வீட்டார் படத்தை டாக்டர் வைத்தீஸ்வரனிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். வைத்தீஸ்வரன் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. சேஷகிரியிடமே இருந்து தொழில் படித்துவிட்டுத் தனியாக கிளினிக் வைத்தவர். குருவிடம் கற்றதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக் கொடுத்தார். ‘நோய் இல்லை என்று உறுதியாகக் கூற இயலாது.’

ஃபிலிம் திரும்பி வந்தது. கூடவே அந்த வாக்கியமும் வந்தது. தாம் எழுதிய காலமெல்லாம் வெறும் ஜாக்கிரதையாகத் தெரிந்த சொற்கள், அடுத்தவர் கையெழுத்தில் தம் பெண்ணின் பெயருக்குக் கீழே கிடந்தபோது கழுத்தைப் பிடித்தன.

மறுநாள் காலையே பசவனகுடிக்குப் புறப்பட்டுப் போனார். தேசிகனின் தகப்பனார் சீனிவாசராகவன், சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. டாக்டரைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“சுவாமி, இது ஒண்ணுமே இல்லை,” என்று டாக்டர் ஆரம்பித்தார். “சின்ன வயசுல வந்து ஆறிப்போன தழும்பு. இந்தப் பெங்களூர்ல பாதிப் பேருக்கு இருக்கும். எனக்கு இருக்கு. உங்களுக்கும் இருக்கும். வாங்கோ, நாளைக்கே படம் எடுத்துக் காட்டறேன்.”

“எனக்கு எதுக்கு டாக்டர்? எனக்கா கல்யாணம்?”

உள்ளேயிருந்து ஒரு பெண் காபி கொண்டுவந்தாள். வாட்டசாட்டமான பெண், கல்யாண வயசைத் தாண்டியவள். டம்ளரை டாக்டரின் கையில் கொடுக்காமல், சற்றுத் தள்ளியிருந்த முக்காலியில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றாள்.

“நான் கலந்த காபி மாமா. வேண்டாம்னா பரவாயில்லை,” என்றாள்.

டாக்டருக்குத் தொண்டை வறண்டிருந்தது. அவள் சொன்னது காதில் சரியாக ஏறவில்லை. பேச்சுவாக்கில் எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நுரையீரலைப் பற்றி மேற்கொண்டு பேச வாயைத் திறந்தார். சீனிவாசராகவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ யாருன்னு தெரியறதா உங்களுக்கு?”

டாக்டருக்குத் தெரியவில்லை.

“செங்கமலம். என் தங்கை பொண்ணு. அப்பா அம்மா இல்லை, எங்காத்துலதான் இருக்கா. மைசூர்ல வரன் குதிர்ந்தப்போ நீங்கதான் இவளைப் படம் எடுத்தேள். இதே புள்ளி, இதே வாக்கியம். நான் உங்க ரூமுக்கே வந்து கேட்டேன், வியாதியா இல்லையான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கோன்னு. ‘எழுதினது எழுதினதுதான், முடிவு உங்க இஷ்டம்’னேள்.”

டாக்டர் செங்கமலத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு வரனும் அந்த ஃபிலிமைத்தான் கேட்டுது. இன்னிக்கு வரைக்கும் இவளுக்கு ஒரு இருமல் கிடையாது. ஸ்கூல்ல டீச்சரா இருக்கா, குழந்தைகளோட ஓடி ஓடிப் பந்து ஆடறா. ஆனா இந்தாத்துக்கு வரவா ஒருத்தர்கூட இவ கையால ஒரு வாய் ஜலம் வாங்கிக் குடிச்சதில்லை. இன்னிக்கு நீங்கதான் குடிச்சிருக்கேள். துளிக்கூட யோசிக்கலை.”

டாக்டர் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

“அப்போ, இந்தப் புள்ளி ஒண்ணுமில்லைன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்,” என்றார் சீனிவாசராகவன்.

“ஒரு கேஸ்ல என் மேல பழி வந்துடுத்து, சுவாமி. அதுலேர்ந்து...”

“சரி. உங்க மேல பழி வராம இருக்க எங்காத்துப் பொண்ணு.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். செங்கமலம் முன்னால் வந்து டம்ளரை எடுத்தாள். “இன்னும் கொஞ்சம் காபி கொண்டு வரட்டுமா மாமா?” என்று கேட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் டாக்டர் எப்படியோ தாங்கியிருப்பார். சந்தோஷம் இருந்தது. தன் கையால் ஒருவர் காபி குடித்துவிட்டார் என்ற சந்தோஷம். அதைக் கேட்டு அவருக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

“நான் பழி வாங்கறதா நினைச்சுக்காதேங்கோ,” என்றார் சீனிவாசராகவன். “உங்க பொண்ணை எனக்கும் பிடிச்சிருந்தது. தேசிகன் அவன் அம்மாவோட சண்டை போட்டுண்டிருக்கான். ஆனா என் ஆத்துக்காரி இந்த வாக்கியத்தை ஏற்கெனவே ஒரு தடவை படிச்சவ. அதை நம்பி இந்தக் குழந்தைக்குத் தனித்தட்டு, தனி டம்ளர்னு வச்சவ. இத்தனை வருஷம் கழிச்சு, அது ஒண்ணுமில்லைடின்னு நான் எந்த முகத்தோட அவகிட்டச் சொல்லுவேன்? ஆயித்து, விடுங்கோ.”

அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. தேசிகன் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு சேலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அவனுக்குப் பெண் எடுத்தார்கள். அந்த ஊரில் எக்ஸ்ரே மெஷின் கிடையாது, அதனால் பெண்ணுக்குப் புள்ளியும் கிடையாது. கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. ருக்குவின் வாயில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

டாக்டர் திருந்தினார். திருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாமராஜபேட்டையிலிருந்து ஒரு பெண்ணின் படம் வந்தது. அதே மிளகளவு புள்ளி. பேனாவை எடுத்து, “பழைய வடு. நோய் இல்லை. தாராளமாகக் கல்யாணம் செய்யலாம்” என்று அழுத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பல வருஷமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது அவருக்கு.

இரண்டு நாள் கழித்து பெர்னார்ட் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க சார். அந்த சாமராஜபேட்டைக்காரங்க படத்த வைத்தீஸ்வரன் சார்கிட்ட எடுத்துகினு போயிட்டாங்க.”

“ஏன்? நான்தான் தெளிவா எழுதிக் குடுத்தேனே!”

“அதான் சார் வம்பா போச்சு. ‘டாக்டர் பொண்ணுக்கே அது இருக்கு, அதான் இப்ப எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னு எழுதறாரு’ன்னு வெளிய பேசிக்கிறாங்க.”

பூசி மெழுகி எழுதிய காலமெல்லாம் அவர் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பெண்களை ஒதுக்கி வைத்தார்கள். இப்போது உண்மையை எழுதினார், ஒருவரும் நம்பவில்லை. எதிர்ச்சாரியில் வைத்தீஸ்வரனின் கிளினிக்கில் கூட்டம் அலைமோதியது. சேஷகிரி அன்றைக்கு மத்தியானமே கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவர் அங்கேயே நின்றார். ஜன்னலோரத்தில் ஒரு தட்டும் டம்ளரும் மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியாக இருந்தன.

“இது யாருது?”

“ருக்குவோடது,” என்றாள் அனந்தலக்ஷ்மி, திரும்பிப் பார்க்காமல்.

“என்ன கர்மம் இது! அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

“நீங்க சொல்லுவேள். ஊருக்கெல்லாம் என்னமோ எழுதிக் குடுத்துட்டு ஆத்துக்கு வந்து வேற சொன்னா, நான் எதைன்னு நம்பறது? இந்தாத்துல இன்னொரு பொண்ணும் இருக்கா, மறந்துடாதேங்கோ.” சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ருக்கு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது.

“அம்மா கிடக்கா, விடுங்கோ,” என்றாள். “நான் கேக்கறேன், எனக்குச் சொல்லுங்கோப்பா. எனக்கு ஒண்ணும் இல்லையே?”

இல்லை என்று சொல்ல வேண்டும். அது அவருக்குத் தெரிந்த உண்மை. ஆனால் டாக்டரின் கண் மகளின் கழுத்தெலும்புக்குப் போயிற்று. சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாமல் இளைத்திருந்தாள். நேற்றுக் காலையில் ஒரு தடவை இருமினாளோ? செத்துப்போன அந்தப் பழைய பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. யார் வீட்டுப் பெண்ணோ கலந்த காபியை யோசிக்காமல் குடித்த மனுஷர், சொந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லும்போது யோசித்தார்.

“ஒண்ணும் இல்லைடி, ருக்கு,” என்றார்.

ருக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, ஜன்னலோரத்திலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு அதைத் தானே தேய்த்துக் கழுவி, முன்பு இருந்த இடத்திலேயே தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.