கடைசியாகக் குளிப்பவள்

எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள், தண்ணீருக்கு ஒரே தொட்டி. கடைக்குட்டியான நான்தான் கடைசியாகக் குளிப்பேன். "நான் குளிச்சா உனக்கு ஈரம்கூட மிஞ்சாதுடி" என்று மூத்த அக்கா தினமும் மிரட்டுவாள். துண்டோடு கலங்கி நிற்பேன். ஆனால் எனக்கென்று இரண்டு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். அவள் ஒரே வாளியில் குளித்து வந்தாள் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

இன்று நான் நீர்வள அதிகாரி. புதிய ஆலைக்கு ஏழு ஆழ்துளைக் கிணறுகள் கேட்டார் அதன் மேலாளர்.

"ரெண்டுக்குத்தான் அனுமதி. அதுக்கு மேல எடுத்தா மழை பெஞ்சாலும் நிலத்தடித் தண்ணி ஊறாது."

"ஊர் வளர வேண்டாமா மேடம்? மிச்சத்தை யாருக்குப் பூட்டி வைக்கிறீங்க?"

முகம் தெரியாத யாரோ துண்டோடு நிற்பதுபோல் இருந்தது.

"வளரட்டும் சார். கடைசியா குளிக்க வர்றவங்களுக்கும் ரெண்டு வாளி இருக்கணும்" என்றேன்.